ஊக்கம் எங்கே அறுகின்றது?

கணக்குப் பாடவேளை. மாணவர் அனைவரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, பின்வாங்கிலிருக்கும் ஒருவன் மாத்திரம் வெறுந்தாளைப் பார்த்தபடி அமர்ந்திருக்கின்றான். அரசாங்க அலுவலகம் ஒன்றிலே எழுதுவினைஞர் ஒருவர், மேசைமீது குவிந்து கிடக்கும் கோவைகளுள் அன்றைக்குத் தப்பமுடியாதனவற்றை மட்டும் முடித்துவிட்டு மணிக்கூட்டை நோக்குகின்றார். விளையாட்டு மைதானத்திலே ஓட்டப் பயிற்சிக்கு வந்த இளைஞன் ஒருவன் இரண்டாஞ் சுற்றிலேயே வேகத்தைத் தளர்த்திவிடுகின்றான். இம்மூவரையும் காண்போர் வாயில் எழும் சொல் ஒன்றே: சோம்பேறி. அச்சொல் பிறந்தவுடன் விசாரணையும் முடிந்துவிடுகின்றது. நோய்க்குப் பெயரிட்டதும் வைத்தியர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதை ஒத்த செயல் இது.

வகுப்பிலே சோர்ந்திருந்த அதே மாணவனை மாலையில் அவன் வீட்டு முற்றத்திற் காணவேண்டும். மூங்கிலைச் சீவுகின்றான், நூலை முடிகின்றான், விண் பூட்டிய பட்டம் ஒன்று வானத்தில் நின்று கூவவேண்டும் என்பதற்காகப் பசியையும் மறந்து மணிக்கணக்காக உழைக்கின்றான். பட்டத்தின் ஒரு புறம் பாரங் கூடிவிட்டால் அவிழ்த்து மீண்டும் கட்டுகின்றான். சோம்பல் அவனுடைய இயல்பாயின் அது மாலையில் எங்கே போயிற்று? ஒருவனே ஓரிடத்தில் உழைப்பவனாகவும் மற்றோரிடத்தில் உழையாதவனாகவும் இருக்கின்றான் என்றால், காரணத்தை அவனுக்குள்ளே மட்டும் தேடுதல் போதாது. அவனுக்கும் அவன் செய்யும் வேலைக்கும் இடையேயுள்ள தொடர்பையும் ஆராய்தல் வேண்டும்.

அவ்வாறு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் விக்டர் வுரூம் என்னும் உளநூலறிஞர். கனடாவின் மொன்றியல் நகரிலே 1932ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கியவர். வேலையும் ஊக்கமும் என்று பொருள்படும் தலைப்புடன் 1964ஆம் ஆண்டில் இவர் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலில் அவர் எடுத்துரைத்த கருத்தே எதிர்பார்ப்புக் கோட்பாடு என்று பின்னர் பெயர்பெற்றது. பெயர் பெரிதாகத் தோன்றினும் கருத்து எளிது.

ஒரு காரியத்தில் இறங்குமுன் மனிதனின் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. அவன் அவற்றை வாய்விட்டுக் கேட்பதில்லை. பலவேளைகளிற் கேட்டதை அவனே அறிவதுமில்லை. முதலாவது வினா: முயன்றால் இது என்னால் முடியுமா? முயற்சிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையேயுள்ள இந்த நம்பிக்கையை வுரூம் எதிர்பார்ப்பு என்றார். இரண்டாவது வினா: நன்றாகச் செய்து முடித்தால் அதற்குரிய பயன் என்னை வந்தடையுமா? நிறைவேற்றத்துக்கும் பயனுக்கும் இடையேயுள்ள இந்த நம்பிக்கையைப் பயன்தொடர்பு எனலாம். மூன்றாவது வினா: வரும் அந்தப் பயன் எனக்கு வேண்டியதுதானா? இதனை விருப்பம் எனலாம். இம்மூன்றுக்கும் உள்ளம் தரும் விடைகளைப் பொறுத்தே ஒருவன் எவ்வளவு முயல்வான் என்பது அமைகின்றது. இவற்றுள் எதுவும் வெளியுலகின் உண்மை நிலையைக் குறிப்பதன்று. அந்த மனிதன் நம்பும் நிலையையே குறிக்கின்றது. உண்மையில் முடியக்கூடியதாயினும், முடியாதென்று அவன் நம்பினால் கை எழாது.

இக்கோட்பாட்டின் உயிர்நிலை, மூன்றையும் கூட்டாமற் பெருக்கியதில் இருக்கின்றது. எட்டையும் எட்டையும் பூச்சியத்தையும் கூட்டினால் பதினாறு வரும். பெருக்கினால் வருவது பூச்சியமே. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றிலே துலா மிதித்து இறைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. துலாவும் உறுதியாக இருக்கலாம். கிணற்றிலே நீரும் நிறைந்திருக்கலாம். ஆயினும் துலாக்கயிறு மேலே அறுந்தாலென்ன, நடுவில் அறுந்தாலென்ன, பட்டை கிணற்றுக்குள்ளேயே கிடக்கும். மேல்முனையிலே கயிற்றை இரட்டிப்பாக முறுக்கிக் கட்டுவதால் கீழ்முனையின் அறுவை சரியாகாது. முயற்சி இல்லாதவிடத்து முதலிற் செய்யவேண்டியது, கயிறு எந்த இடத்தில் அறுந்திருக்கின்றது என்று பார்ப்பதே.

வுரூம் இக்கருத்தை வெறுங் கற்பனையினாற் படைக்கவில்லை. உள்ளத்தை ஈர்க்கும் பொருள்களையும் விலக்கும் பொருள்களையும் பற்றிக் கேட் லெவின் கூறியவற்றையும், உயிரினங்கள் வருவதை எதிர்பார்த்து நடந்துகொள்ளுதலைப் பற்றி எட்வேட் ரோல்மன் கூறியவற்றையும் அவர் அடிப்படையாகக் கொண்டார். வீட்டுப் பாவனைப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் 600க்கு மேற்பட்ட தொழிலாளரை வினவி நடத்தப்பட்ட ஆய்வொன்று 1957ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. தாம் விரும்பும் நலன்களை அடைவதற்கு மிகுந்த உற்பத்தியே வழி என்று நம்பியவர்களிடையே மிகுதியாக உற்பத்தி செய்பவர்கள் கூடுதலாகக் காணப்பட்டனர் என்பது அதன் முடிவு. இனி, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே எடுத்து நோக்கலாம்.

முதற்கண்ணியாகிய 'முடியுமா' என்பதற்கு விளையாட்டுலகமே சிறந்த சான்று தருகின்றது. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்தல் பல்லாண்டு காலம் எவருக்கும் எட்டாத இலக்காக இருந்தது. சுவீடன் நாட்டவரான குண்டர் ஹெக் 1945ஆம் ஆண்டில் 4 நிமிடம் 1.4 செக்கனில் ஓடினார். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக அச்சாதனை அசையாது நின்றது. மனித உடலால் அதற்கு மேல் இயலாது என்று பேசியவர்களும் இருந்தனர். 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஒக்ஸ்போர்ட் நகரின் இஃப்லி வீதி மைதானத்திலே, ரொஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் அத்தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். முதல் இரு சுற்றுக்களிலும் கிறிஸ் பிரஷர் முன்னின்று வேகங்காட்ட, அதன்பின் கிறிஸ் சற்றவே அப்பொறுப்பை ஏற்க, இறுதிச் சுற்றிலே பானிஸ்டர் அவர்களைக் கடந்து ஓடினார்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் எடுத்துக் கூறுவோர், முடியும் என்று நினைத்தால் எதுவும் முடியும் என்று பெரும்பாலும் முடித்துவிடுவர். நடந்தது அதுவன்று. பானிஸ்டரின் நம்பிக்கை வெறும் நினைப்பினால் வந்ததன்று. சிறிது சிறிதாகச் சேர்த்த சான்றுகளினால் வந்தது. மைலின் காற்பங்காகிய 440 யார் தூரத்தை இரண்டு நிமிட இடைவெளி விட்டுப் பத்து முறை ஓடுதல் அவருடைய பயிற்சிகளில் ஒன்று. 1953ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒவ்வொரு சுற்றுக்கும் சராசரி 66 செக்கன் சென்றது. வாரந்தோறும் அது சிறிது சிறிதாகக் குறைந்து, அடுத்த ஏப்பிரலில் 61 செக்கனை எட்டியது. அங்கே நின்றுவிட்டது, எவ்வளவு முயன்றும் அதற்குக் கீழே இறங்கவில்லை. பானிஸ்டரும் பிரஷரும் பயிற்சியைச் சில நாள் நிறுத்திவிட்டு ஸ்கொத்லாந்தின் மலைகளில் ஏறச் சென்றனர். திரும்பி வந்தபின் ஓடியபோது 59 செக்கன் கைகூடிற்று. நான்கு நிமிடத்துக்குள் ஓடச் சுற்றொன்றுக்கு 60 செக்கனுக்குக் குறைய வேண்டும். ஆகவே பந்தய நாளில் அவர் கொண்டிருந்த எதிர்பார்ப்பு, கணக்கிட்டுப் பெற்ற எதிர்பார்ப்பு.

பானிஸ்டரின் ஓட்டம் நடந்து 46 நாள்கள் சென்றபின், ஜூன் 21ஆம் நாள், பின்லாந்தின் துர்க்கு நகரிலே அவுஸ்திரேலியரான ஜோன் லண்டி 3 நிமிடம் 58 செக்கனில் ஓடி அச்சாதனையையும் கடந்தார். அதற்கு முன் அவர் பலமுறை 4 நிமிடம் 2 செக்கன் என்ற எல்லையை அடைந்து அடைந்து திரும்பியவர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் இலண்டனில் நடந்த ஒரே பந்தயத்தில் மூவர் நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். ஒருவர் செய்து காட்டியமை மற்றவர்களின் நம்பிக்கையை வலுப்படுத்தியிருக்கலாம். ஆயினும் அவர்கள் அனைவரும் ஏற்கெனவே ஆண்டுக்கணக்காக உடலைப் பதப்படுத்தி வாசலில் நின்றவர்கள். வாசலில் நிற்பவனுக்கே கதவு திறந்திருக்கின்றது என்ற செய்தி பயன்படும். வழியில் இறங்காதவனுக்கு அதனாற் பயனில்லை.

உயரம் பாய்தலைக் கவனித்தவர்கள் இவ்வுண்மையைக் கண்ணாரக் கண்டிருப்பர். குறுக்குத்தடி முதலிலேயே உச்சத்தில் வைக்கப்படுவதில்லை. எளிதிற் பாயக்கூடிய உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படுகின்றது. பாய்பவன் தாண்டிய ஒவ்வோர் உயரமும் அடுத்த உயரத்துக்கான நம்பிக்கையாகின்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றிய பின்னர், 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப்பதக்கம் அது. ஹெல்சிங்கிக்கும் தோக்கியோவுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் இருந்தன என்பதை வெற்றியைப் பாராட்டுவோர் மறந்துவிடுதல் கூடாது.

இரண்டாங்கண்ணியாகிய 'பயன் வருமா' என்பதற்குத் தொழிற்சாலைக்குட் செல்லவேண்டும். சிக்காகோ நகரின் அயலிலே ஹோதோர்ன் என்னுமிடத்தில் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் கம்பனிக்குச் சொந்தமான பெருந்தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொலைபேசிக்கு வேண்டிய கருவிகள் அங்கே செய்யப்பட்டன. 1927ஆம் ஆண்டு ஏப்பிரலில், ரிலே என்னும் சிறு கருவியைப் பொருத்தும் பெண்கள் ஐவரும், அவர்களுக்குப் பாகங்களை எடுத்துக் கொடுக்கும் பெண் ஒருவரும் ஆராய்ச்சியின் பொருட்டுத் தனியறை ஒன்றில் அமர்த்தப்பட்டனர். அதுவரை ஏறத்தாழ நூறு பேரைக் கொண்ட கூட்டத்தின் உற்பத்தியைக் கணக்கிட்டே அவர்களுக்குக் கூலி பகிரப்பட்டது. இங்கோ இச்சிறு குழுவின் உற்பத்தியே அவர்களுடைய கூலியைத் தீர்மானித்தது. இடையிடையே ஓய்வும் அளிக்கப்பட்டது; மேற்பார்வையும் கனிவாக இருந்தது; இடையில் இருவர் மாற்றவும்பட்டனர். சுமார் இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழ நூற்றுக்கு 30 வீதம் உயர்ந்தது. காரணம் யாது என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். வுரூமின் கண்கொண்டு நோக்கினால் ஒன்று தெளிவு: நூறு பேர் நடுவிற் கரைந்துபோன தன் உழைப்பு, ஐவர் நடுவிலே தன் கூலியில் தெரிவதை ஒவ்வொருத்தியும் கண்டாள்.

அதே தொழிற்சாலையின் மற்றோர் அறை வேறு கதை கூறுகின்றது. 1931ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1932ஆம் ஆண்டு மே வரையில் 14 ஆண்கள் அங்கே அவதானிக்கப்பட்டனர். ஒன்பதின்மர் கம்பி இணைப்போர், மூவர் பற்றாசு வைப்போர், இருவர் பரிசோதகர். அதிகமாகச் செய்தால் அதிகக் கூலி என்ற முறை அங்கும் இருந்தது. ஆயினும் நாளொன்றுக்கு இரண்டு கருவிகள் போதும் என்று அவர்கள் தமக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். அவ்வெல்லையை மீறி உழைத்தவனைக் கூலிவீதத்தைக் கெடுப்பவன் என்றனர். மிகக் குறைத்தவனை ஏய்ப்பவன் என்றனர். மீறியவனுக்கு மேற்கையிலே விளையாட்டுப்போல ஒரு குத்தும் விழும். ஆராய்ச்சியாளர் அவர்களின் அறிவையும் கைத்திறனையும் அளந்து பார்த்தனர். அறையிலே எல்லாரிலும் குறைவாகச் செய்தவன் அறிவில் முதலிடத்திலும் கைத்திறனில் மூன்றாமிடத்திலும் இருந்தான். அவனுக்கு 'முடியுமா' என்ற ஐயம் இருந்திராது. கயிறு அறுந்தது அங்கேயன்று.

அப்படியாயின் எங்கே? தாம் கூடுதலாகச் செய்யமுடியும் என்று காட்டினால் கம்பனி கூலிவீதத்தைக் குறைத்துவிடும். அல்லது ஆட்களைக் குறைத்துவிடும். மெதுவாக வேலை செய்பவன் ஏச்சு வாங்குவான் என்று அவர்கள் அஞ்சினர். நாடெங்கும் பெரும் பொருளாதார மந்தமும் வேலையிழப்பும் நிலவிய காலம் அது. அம்மனிதர்களுள் எவரும் அத்தகைய கூலிக் குறைப்பைத் தாமே அநுபவித்தவரல்லர் என்பதையும் ஆராய்ச்சியாளர் குறித்திருக்கின்றனர். ஆயினும் அச்சம் வெறும் பிரமையுமன்று. துண்டுக்கூலி முறையிலே தொழிலாளி வேகமாகச் செய்தவுடன் துண்டுக்கான வீதத்தைக் குறைக்கும் வழக்கம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருந்தது. தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்கு அதுவே ஒரு காரணம் என்பதை, அவர்களைக் கடுமையாகக் கண்டித்த பிரெடெரிக் ரெயிலரே ஒப்புக்கொண்டார். ஓரிடத்தில் ஒருமுறை மீறப்பட்ட வாக்கு, அதனைக் காணாதவன் உள்ளத்திலும் கயிற்றை அறுத்துவிடுகின்றது.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இம்மூன்று கண்ணிகளையும் ஒருங்கே காணலாம். கொழுந்து பறிக்கும் பெண் நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தல் வேண்டும் என்று தோட்டம் அளவு குறிக்கின்றது. அவ்வளவை எட்டினால் முழுப்பேர். எட்டாவிடில் அரைப்பேர் என்று கணக்கெழுதும் வழக்கம் உண்டு. அளவுக்கு மேற் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவென்று தனிக்காசு. மழை பெய்து கொழுந்து செழித்த காலத்தில் உழைத்தால் எட்டலாம். வறட்சியிலே செடியில் இல்லாததைக் கை பறிக்க முடியாது. அப்போதும் அளவு குறையாதிருந்தால் முதற்கண்ணி அறுகின்றது. 2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய அளவு கூட்டப்பட்டதென்று பல தோட்டங்களின் தொழிலாளர் முறையிட்டனர். சம்பளம் ஏறும்போது அளவும் ஏறும் என்று நம்புகின்றவள், தன்னால் எவ்வளவு பறிக்க முடியும் என்பதை ஏன் காட்டுவாள்? ஹோதோர்னின் 14 ஆண்களும் செய்த கணக்கையே அவளும் செய்கின்றாள். அவள் பள்ளிக்கூடத்திற் கணக்குப் படிக்காதிருக்கலாம். இந்தக் கணக்கில் அவள் பிழைவிடுவதில்லை.

மூன்றாங்கண்ணி விருப்பம். பயன் என்று கொடுப்பவன் கருதுவது, பெறுபவனுக்குப் பாரமாகவும் இருக்கலாம். அலுவலகத்திலே திறமையாக வேலை செய்யும் ஒருவருக்குப் பதவியுயர்வு வருகின்றது. அதனோடு வெளிமாவட்டத்துக்கு இடமாற்றமும் வருகின்றது. நோயுற்ற தாயை வீட்டில் வைத்திருப்பவருக்கு அவ்வுயர்வு பரிசன்று, தண்டனை. விருப்பத்தின் அளவு பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கக்கூடும் என்று வுரூம் கூறியது இதனாலேயே. திறமையைக் காட்டினால் தூர இடத்துக்கு அனுப்புவர் என்று அறிந்தவர், திறமையை மறைத்துக்கொண்டு கோவைகளை மெதுவாகப் புரட்டுவதில் வியப்பில்லை.

எல்லாருக்கும் காசே விருப்பம் என்று எண்ணுவதும் பிழை. பானிஸ்டர் ஓடிய காலத்தில் ஓட்டவீரர் பரிசுப்பணம் பெறுதல் விதிக்கு மாறானது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே 1500 மீற்றர் ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். ஓட்டத்தைக் கைவிடலாமா என்று கூட அவர் எண்ணினார். நான்கு நிமிட மைல் என்னும் இலக்கே அவரை மேலும் இரண்டு ஆண்டுகள் ஓட வைத்தது. மருத்துவப் படிப்புக்கிடையே கிடைத்த சிறு பொழுதை அவர் அதற்காகச் செலவிட்டார். ஒருவனுக்குப் பதக்கம், ஒருவனுக்குப் பணம், ஒருவனுக்கு நண்பர் நடுவே மதிப்பு, ஒருவனுக்கு வேலை செம்மையாக முடிந்தது என்ற மனநிறைவு. எது எவனுக்கு வேண்டும் என்பதைக் கேட்டறிதலே வழி.

இக்கோட்பாட்டிற்கும் எல்லைகள் உண்டு. மனிதன் எப்போதும் தராசைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. பழக்கத்தினாலும், கடமையுணர்ச்சியினாலும், அன்பினாலும் அவன் செய்பவை பல. நோயுற்ற குழந்தையின் அருகில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தாய் எந்தப் பெருக்கலையும் செய்வதில்லை. ஊக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. திறமையும், செய்யவேண்டியது யாது என்ற தெளிவும் இல்லாவிடின் முயற்சி வீணாகும் என்று லைமன் போட்டர், எட்வேட் லோலர் என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் இக்கோட்பாட்டை விரித்துரைத்தனர். 77 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, மூன்றையும் பெருக்கிப் பார்ப்பது தனித்தனியே பார்ப்பதைவிட மேலான விளக்கம் தரவில்லை என்று காட்டிற்று. ஆகவே பெருக்கற் கணக்கை எழுத்துக்கெழுத்து நம்பவேண்டியதில்லை. ஆயினும் மூன்று வினாக்களும் தம் பயனை இழக்கவில்லை. அவை மனிதனை அளக்கும் கோலாகாவிடினும் அவனை விளங்கிக்கொள்ள உதவும் விளக்காகின்றன.

இவ்விளக்கைக் கையில் எடுப்பவர் செய்யவேண்டியவை எவை? முடியாதென்று ஒருவன் சோர்ந்திருந்தால் அவனுக்குப் பரிசின் தொகையைக் கூட்டிப் பயனில்லை. தடியைத் தாழ்த்தி, அவன் தாண்டக்கூடிய உயரத்தில் வைத்துப் படிப்படியாக உயர்த்துதல் வேண்டும். பயன் வராதென்று ஒருவன் நம்பினால் அவனுக்குப் பயிற்சி வகுப்பு வைத்துப் பயனில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுதல் வேண்டும். அவ்வாறு காப்பாற்றுவதை எல்லாரும் காணவும் வேண்டும். கிடைக்கும் பயன் வேண்டாதது என்றால் உற்சாக மொழிகள் பேசிப் பயனில்லை. வேண்டியது யாதென்று அவனையே வினவுதல் வேண்டும். கீழ்முனையில் அறுந்த கயிற்றுக்கு மேல்முனையில் முடிச்சுப் போடுவதே பெரும்பாலான நிருவாகங்களின் பிழை.

இனி, வெறுந்தாளைப் பார்த்தபடி இருக்கும் மாணவனிடம் மீளலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்னக்கணக்கு நடந்தபோது அவன் காய்ச்சலாற் பல நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விட்ட இடத்தை எவரும் நிரப்பவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு பாடமும் அந்த வெற்றிடத்தின்மீதே கட்டப்பட்டது. எழுதினாற் பிழை, பிழைக்கு ஏச்சு, எழுதாவிட்டாலும் ஏச்சு. முயன்று ஏச்சு வாங்குவதைவிட முயலாமல் ஏச்சு வாங்குவது அவனுக்கு மானமாகத் தோன்றுகின்றது. முயன்றும் முடியாதவன் மக்கு எனப்படுவான். முயலாதவன் வெறும் சோம்பேறிதானே. பட்டத்தில் அப்படியன்று. பாரத்தைச் சரிசெய்தால் அது ஏறுகின்றது. ஏறியதை அவனே காண்கின்றான். அது கூவுவதை ஊரே கேட்கின்றது. மூன்று கண்ணிகளும் அங்கே அறாதிருக்கின்றன. அவனுக்கு வேண்டியது கண்டிப்பன்று. அவனால் நிச்சயமாகச் செய்யக்கூடிய ஒரு பின்னக்கணக்கு. அதன்பின் இன்னொன்று.

திருக்குறளிலே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. சோம்பலை இடித்துரைக்க விரும்புவோர் பிள்ளைகளையும் தொழிலாளரையும் நோக்கி இவ்வதிகாரங்களை எடுத்தாள்வது வழக்கம். ஆயின் அவை நூலின் எந்தப் பகுதியில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அவை பொருட்பாலிலே அரசியல் என்னும் இயலில் இருக்கின்றன. ஆளப்படுகின்றவனுக்கு முன்னே ஆள்பவனுக்கே அவ்வறிவுரை உரியதாகின்றது. வகுப்பறையை ஆளும் ஆசிரியரும், அலுவலகத்தை ஆளும் தலைவரும், தோட்டத்தை ஆளும் துரையும், அணியை ஆளும் பயிற்றுநரும் தத்தம் எல்லைக்குள் அரசரே. தமக்குக் கீழுள்ளவனைச் சோம்பேறி என்று அழைக்குமுன் அவர்கள் துலாவடிக்குச் சென்று, கயிற்றை மேலிருந்து கீழாக ஒருமுறை கையால் தடவிப் பார்த்தல் நன்று. அறுந்த இடம் பெரும்பாலும் அவர்கள் பிடித்திருக்கும் முனைக்கு அண்மையிலேயே இருக்கும்.